அரசியார் வரமாட்டார்கள்

கோச்சிக்காதீங்கம்மா. ராணி அழுவற இடத்துல நான் கை தட்டுனேன்னு நீங்க திரும்பி ஒரு பார்வ பாத்தீங்களே, அது நாயம்தான். அந்தம்மா கண்ணுல தண்ணி ஊத்துது, தியேட்டரே மூக்க உறிஞ்சிக்கினு கெடக்குது, இவ இன்னாடா கொண்டாட்டம் பண்றாளேன்னுதான் தோணும். ஆனா நான் ராணிக்குத் தட்டலம்மா. ராணிக்குப் பின்னாடி தூணாண்ட, பச்சப் பொடவைல சாமரம் வீசிக்கினு ஒரு பொம்பள நின்னாளே, பாத்தீங்களா? பாக்கலியா? இன்னாம்மா நீங்க, முழுசா மூணு செகண்டு வந்துது! அது நான்தான்.

இப்ப லைட்டு போட்டுட்டாங்க, நல்லாப் பாருங்க. அந்தக் கொண்ட இல்ல, மத்தபடி அதே மூஞ்சிதான். பேரு குணசுந்தரி. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். நீங்க எங்கியும் போவலியே? ஒக்காருங்க, ஒக்காருங்க. இன்டர்வெல் பதினஞ்சு நிமிசம் வுடுவாங்க. எங்க வூட்டுக்காரரு டீ வாங்கியாறேன்னு போயிருக்காரு, அங்க கூட்டத்தப் பாத்தா இப்பத்திக்கி வர மாட்டாரு. அவரும் படத்துல இருக்காரு. அந்தப்புரக் கதவாண்ட ஈட்டியப் புடிச்சிக்கினு ஒரு தாடிக்காரரு நின்னாரே, அவருதான். ஏகாம்பரம்னு பேரு. அவரையும் பாக்கலியா? சரி போங்க, உங்களுக்கு ராஜா ராணியத் தவுத்து ஒண்ணும் கண்ணுல படல போல.

முக்கியமானது இன்னும் வரலம்மா. இன்டர்வெல் முடிஞ்சி கொஞ்ச நேரத்துல என் சீனு. டயலாக்கு! சொம்மா நிக்கறது இல்ல, டயலாக்கு. தோ பின்னாடி ரெண்டு வரிச தெரியுதே, முறுக்கு துன்னுக்கினு சத்தம் போட்டுக்கினு, அது முழுக்க எங்க தெரு. நட்ட நடுவுல செவப்புப் பொடவ, அது எங்க அக்கா. எல்லாரையும் நான்தான் இட்டுக்கினு வந்தேன். ஏன்னு கேளுங்க. எனக்குப் பேச வரும்னு இன்னிக்கி இந்தத் தெருவே கண்ணால பாக்கணும். அதுக்கோசரம்தான்.

பேச வரும்னு அவங்களுக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? கேமரா முன்னாடிம்மா. கேமரா முன்னாடி.

இருபத்தாறு வருசமா இந்தத் தொழில்தான். எத்தினி படம்னு கணக்கே கெடையாது. கல்யாண சீன்ல பந்தி பரிமாறியிருக்கேன், எழவு சீன்ல மாரடிச்சிருக்கேன், கோர்ட்டுல ஒக்காந்திருக்கேன், தடியடில ஓடி வுழுந்து முட்டியப் பேத்துக்கினிருக்கேன். அந்தத் தடியடில என்ன அடிச்ச போலீசு யாருன்னு நெனக்கிறீங்க? இவருதான். டைரக்டரு 'கட்டு' சொன்னதும் ஓடியாந்து, 'வலிச்சிதா, பாத்துதாம்மா அடிச்சேன்'னு கேட்டாரு. அப்பறம் கல்யாணம். அதுக்கப்பறம் கூட ஒரு நாள் கைய நீட்டுனது இல்ல. அதுல ஒரு கொறயும் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு வார்த்த சொல்லிட்டாரும்மா.

எங்க ஏஜென்ட்டு பாஸ்கல்னு ஒருத்தரு. நாளைக்கி எங்க ஷூட்டிங்கு, எத்தினி பேரு வேணும், எல்லாம் அவருதான் போன் பண்ணி சொல்வாரு. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து இவரு போனுக்குத்தான் வரும். ஒரு நாள் காலைல நான் தோச ஊத்திக்கினு இருக்கேன். இவரு வாசல்ல நின்னு ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறாரு. ஏதோ ஆஸ்பத்திரி சீனாம், நர்சு ஒருத்தி 'பல்ஸ் எறங்குது டாக்டர்'னு கத்தணுமாம், குணாவப் போடட்டுமான்னு பாஸ்கல் கேக்கறாரு. எனக்குக் கரண்டி கைலயே நின்னுபோச்சி. டயலாக்கும்மா! இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'வேணாம் பாஸ்கலு. அவளுக்குப் பேச வராது. வேற யாரையாச்சும் போட்டுக்க.'

எனக்குப் பேச வராதாம்! நீங்களே சொல்லுங்க, ஒக்காந்ததுல இருந்து நான் மூச்சு வுட்டேனா?

கேட்டா, பழசக் கெளறுறாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு படத்துல 'அம்மா, பால்'னு சொல்லணும். ரெண்டே வார்த்த. அன்னிக்கி எனக்குத் தொண்ட சரியில்ல, அவ்ளோதான். இருவது டேக்குக்கு மேல போச்சி. அந்த டைரக்டரு கைல இருந்த பேப்பரக் கிழிச்சிப் போட்டுட்டு, 'எந்தக் கட்டைய இட்டாந்து நிறுத்துனீங்க'ன்னு நூறு பேரு முன்னாடி கத்துனாரு. அதெல்லாம் தொழில்ல சகஜம். எனக்கு வூட்டுக்கு வர்றதுக்குள்ள மறந்தே போச்சி. இவருதான் மூணு நாளு சோறு துன்னாம மொகட்டப் பாத்துக்கினு படுத்துக் கெடந்தாரு. திட்டு வாங்குனவ நானு, காய்ச்சல் வந்தது அவருக்கு! அத மனசுல வச்சிக்கினு எனக்கு வந்த சான்ஸக் கெடுக்கலாமா? நாயமா?

அடுப்ப அணச்சேன். பையில நாலு பொடவயத் திணிச்சேன். நேரா நெசப்பாக்கம், எங்க அக்கா வூடு. அஞ்சு மாசம்மா! அஞ்சு மாசம் அந்தாளு மூஞ்சியில முழிக்கல.

வந்தாரான்னா, வருவாரு. வாரத்துல ரெண்டு நாளு தெருமொனை டீக்கடைல வந்து நிப்பாரு. ஒரு டீயக் குடிச்சிட்டு, எங்க அக்கா வூட்டு வாசலயே பாத்துட்டு, போயிடுவாரு. உள்ள வந்து 'குணா, தெரியாம சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்த சொன்னா இன்னா, கிரீடம் எறங்கிடுமா? நான் மாடில இருந்து பாத்துக்கினேதான் இருப்பேன். அவருக்காவ இல்ல, துணி காயப் போடப் போவேன். எங்க அக்கா கூட கேட்டா, 'இன்னாடி, ஈரத்துணியே இல்ல, மாடில இன்னா காயப்போடற'ன்னு. அவளுக்கு எப்பவும் குதர்க்கம்.

கடசீல எங்க மாமா, அக்கா வூட்டுக்காரரு, ஒரு முடிவு கட்டிட்டாரு. 'இந்த மாசக் கடசி ஞாயித்துக்கெழம, ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிப் பேசிடலாம். வாழறதுன்னா வாழட்டும். இல்லியா, வக்கீலாண்ட எழுதிக் குடுத்துட்டு அவங்கவங்க வழியப் பாக்கட்டும்'னாரு. நான் நிமிர்ந்து சொன்னேன், 'எழுதிடுங்க மாமா'ன்னு. சொல்லிட்டு ராத்திரி சோறு எறங்கல, அது வேற விசயம். கொழம்புல உப்பு தூக்கலா இருந்துது.

அந்த நேரத்துலதான் இந்தப் படம் வந்துது. பாஸ்கலு இந்த வாட்டி என் போனுக்கே கூப்பிட்டாரு. ராஜா காலத்துப் படம், நெறய நாளு வேல, தோழி வேசம்னாரு. பூந்தமல்லி தாண்டி ஒரு எடத்துல அரமன போட்டிருந்தாங்க. பிளைவுட்டும் பிளாஸ்டருந்தான், ஆனா உள்ள போனா நமக்கே முதுகு நிமிர்ந்துக்குது. எனக்குக் கொண்ட வச்சி, மூக்குத்தி மாட்டி, சாமரத்தக் கைல குடுத்து, அந்தப்புரத் தூணாண்ட நிறுத்துனாங்க. நிறுத்துனது தீக்‌ஷான்னு ஒரு பொண்ணு, அசிஸ்டென்ட் டைரக்டரு. பக்கத்துல கதவு. கதவாண்ட தாடி வச்ச காவக்காரன் ஒருத்தன் ஈட்டியோட நிக்கிறான். மொத ஷாட்டு எடுத்தாச்சி. கட்டு சொன்னதும் அந்தக் காவக்காரன் இருமுனான் பாருங்க, சட்டுன்னு திரும்பிட்டேன். அந்த இருமல கல்யாணம் ஆன நாளுலேர்ந்து கேட்டுக்கினு இருக்கேனே!

நேரா பாஸ்கலாண்ட போனேன். 'அண்ணே, என்ன வேற எங்கியாச்சும் நிறுத்துங்க. அந்தப்புரம் வேணாம், சமயக்கட்டுல நிக்கிறேன், குதிர லாயத்துல கூட நிக்கிறேன்.' அவரு தலைல கைய வச்சிக்கினாரு. 'ஷாட்டு எடுத்தாச்சேம்மா, இனிமே கன்டினியூட்டி!'

கன்டினியூட்டி தெரியுமா உங்களுக்கு? மொத ஷாட்டுல யாரு எங்க நின்னாங்களோ, அந்த சீனு முடியற வரிக்கும் அங்கியேதான் நிக்கணும். ஒரு நாளு இல்ல, ஒரு மாசம் ஆனாலும். தீக்‌ஷா எல்லாரையும் போட்டோ புடிச்சி வச்சிக்கும். எந்தக் கைல எத்தினி வளையலு, எந்தப் பக்கம் மூக்குத்தி, வெத்தலச் செவப்பு ஒதட்டுல எது வரிக்கும், எல்லாம் அந்தப் பொண்ணு போன்ல இருக்கும். ஒருத்தரு மாறுனா எடுத்ததெல்லாம் வீணு. கட்டுன தாலியக் கூட கழட்டி வச்சிட்டுப் போயிடலாம்மா, கன்டினியூட்டிய வுட்டுட்டுப் போவ முடியாது. பதினெட்டு நாளு, அந்தாளுக்கும் எனக்கும் நடுவுல ஆறடி.

பேசலியே! ஒரு வார்த்த பேசல. எதுனா சொல்லணும்னா தீக்‌ஷாவக் கூப்புடுவேன். 'பாப்பா, அந்த வாயிற்காவலன்கிட்ட சொல்லு, ஈட்டியத் தள்ளிப் புடிக்கச் சொல்லு, என் கொண்டைல இடிக்குது.' அவரு அதுக்கு, 'அந்தத் தோழிகிட்ட சொல்லும்மா, சாமரத்த மெதுவா வீசச் சொல்லு, தாடி பறக்குது.' அந்தப் பொண்ணு பாவம், மொத ரெண்டு நாளு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு சொல்லிப் பாத்துது. மூணாம் நாளு, 'நீங்க ரெண்டு பேரும் யாரு?'ன்னு கேட்டுது. பாஸ்கலு சொல்லிட்டாரு. அதுல இருந்து எங்களப் பாத்தாலே சிரிப்புதான் அதுக்கு.

மத்தியானம் சாப்பாட்டுல ஆளுக்கு ஒரு முட்ட. தெனமும் என் தட்டுல ரெண்டு இருக்கும். யாரு வக்கிறாங்கன்னு தெரியாமயா? அந்தாளு தட்டுல முட்ட இல்லாதத நான் பாக்க மாட்டனா? துன்னுட்டேன். அவருக்காவ இல்லம்மா. சாப்பாட்டு மேல கோவத்தக் காட்டக் கூடாது.

ஆமா, கதைய நீங்க புரிஞ்சிக்கினீங்களா? எனக்கு இந்த ராணி மேலதான் கோவம். அந்தம்மா போர் வேணாம்னு சபைல யோசன சொல்லுது. ராஜா எல்லா மந்திரி முன்னாடியும், 'அரசிக்கு அரசியல் தெரியாது'ன்னுட்டாரு. சரி, சொன்னது தப்புதான். அதுக்குன்னு அந்தப்புரத்துல பூந்து கதவச் சாத்திக்குவாளா ஒரு பொம்பள? ஒத்த வார்த்தைக்காவ? புருசன் கதவு வரிக்கும் வர்றான், வெளிய நிக்கிறான், உள்ள வர தெகிரியம் இல்லாமப் போறான். இவ ஜன்னல் வழியா பாக்கறா, ஆனா கூப்புட மாட்டா! எவ்ளோ திமிரு பாருங்க. நானா இருந்தா ஒரு அறைய வுட்டு இட்டாந்து ஒக்கார வச்சிச் சோறு போட்டிருப்பேன்.

ஏன் சிரிக்கிறீங்க? அய்ய, அது வேற, இது வேற. அது ராஜா வூட்டு சமாச்சாரம்.

கேளுங்க. பதிமூணாம் நாளு, வெள்ளிக்கெழம. ராணி சபைக்கு வர மாட்டேன்னு ராஜாவாண்டயே நேருல வந்து சொல்றதா இருந்துது. ராஜா வேசம் போட்டவருக்கு வேற ஊருல ஏதோ அவசரம், காலைலயே கெளம்பிட்டாரு. இவ்ளோ பெரிய செட்ட வச்சிக்கினு சொம்மா ஒக்கார முடியுமா? டைரக்டரு அங்க இங்க நடந்தாரு, யோசன பண்ணாரு, சீன மாத்திட்டாரு. ராணி உள்ளியே இருப்பாங்க. தோழி வெளிய வந்து வாயிற்காவலன்கிட்ட சொல்லணும், அவன் போயி ராஜாகிட்ட சொல்லணும். எந்தத் தோழி? தூணாண்ட நிக்கிற தோழி. எந்தக் காவலன்? கதவாண்ட நிக்கிற காவலன்.

பேப்பர வாங்கிப் பாத்தேன். டயலாக்கு இதுதான்: 'அரசியார் இன்று அவைக்கு வரமாட்டார்கள் என்று அரசரிடம் போய்ச் சொல்.' அவருக்கு டயலாக்கு கெடையாது, சொம்மா கேட்டுக்கினு நிக்கணும். பாத்தீங்களா கடவுள் கணக்க! பேச வராதுன்னு சொன்ன ஆளு வாயத் தைச்சி நிறுத்தி, எனக்கு டயலாக்கக் குடுத்தாரு.

கேமரா என் மூஞ்சியாண்ட வந்து நின்னுது. இவரு எனக்கு எதுர்ல, கேமராவுக்கு முதுகக் காட்டிக்கினு. ஆக்‌ஷன்னாங்க.

கொஞ்சம் முன்ன பின்ன ஆச்சி. அது சகஜம். மொத டேக்குல 'அரசர் வரமாட்டார்கள்'னுட்டேன். அப்பால 'வர மாட்டாங்களாம்'னுட்டேன். ஒண்ணுல பேச்சே வரல, தும்மல் வந்துது. ஒண்ணுல எல்லாம் கரெக்டா சொன்னேன், ஆனா அவங்க இன்னும் ஆக்‌ஷனே சொல்லலியாம். பதினாலு டேக்கு. டைரக்டரு தீக்‌ஷாவாண்ட மெதுவா, 'வேற ஒருத்தங்களப் போட்டுடலாமா'ன்னாரு. என் காதுல வுழுந்துது. அந்தப் பொண்ணு, 'முடியாது சார், அஞ்சு சீன்ல ராணி பின்னாடி இவங்க இருக்காங்க, கன்டினியூட்டி'ன்னுது. என்னத் தூக்கவே முடியாது, தெரிஞ்சிக்கோங்க! ஆனா சொல்றதுக்கு இன்னாம்மா, பயந்துதான் போயிட்டேன். நூறு பேரும் என்னியே பாக்கறாங்க. இன்னொரு வாட்டி பேப்பரக் கிழிப்பாங்களோன்னு டைரக்டரு கையவே பாத்துக்கினு நின்னேன்.

அப்ப பாத்து இவரு ஈட்டிய செவுத்துல சாத்தி வச்சிட்டு, தீக்‌ஷா காதாண்ட போயி ஏதோ ரகசியம் பேசறாரு. அந்த நேரத்துல கூட அவருக்குத் தண்ணி தாகம் பாருங்க. அந்தப் பொண்ணு ஓடிப் போயி டைரக்டராண்ட ஏதோ சொல்லுது. அவரு என்னப் பாத்தாரு, தலைய ஆட்டுனாரு. ஒடனே கேமராவத் தூக்கிக்கினு போயி என் முதுவுக்குப் பின்னாடி வச்சாங்க. 'என்னாச்சி'ன்னு கேட்டேன். 'ஒங்க பக்கம் லைட்டு போயிடுச்சிம்மா, இப்ப அவரு சைடு எடுத்துக்கலாம், நீங்க சொம்மா சொல்லுங்க போதும்'னுது தீக்‌ஷா. மூடுன செட்டுக்குள்ள லைட்டு எப்புடிப் போவும்னு கேக்காதீங்க. அதெல்லாம் டெக்னிக்கலு.

டைரக்டரு ஒண்ணு சொன்னாரு. தோழி தல நிமிரக் கூடாது, கீழ பாத்துத்தான் பேசணும், அந்தக் கால மரியாதன்னு. சரின்னு குனிஞ்சேன். குனிஞ்சா, அந்தாளு காலு. செருப்பு கடிச்சி சுண்டு வெரலு புண்ணாயி, துணியச் சுத்திக்கினு நிக்கிறாரு. குதியங்காலு வயக்காடு மாதிரி வெடிச்சிக் கெடக்குது. தெனமும் வெளக்கெண்ண தடவி வுட்ட காலும்மா அது! அஞ்சு மாசமா பாக்க ஆளில்லாமக் கெடந்திருக்குது. எங்கேருந்துதான் அப்பிடி ஒரு கோவம் வந்துதோ. ஆக்‌ஷன்னாங்க. வாயத் தொறந்தேன்.

'அரசியார் இன்று அவைக்கு வரமாட்டார்கள் என்று அரசரிடம் போய்ச் சொல்.' சொன்னனா? முடிஞ்சிது இல்ல? எனக்கு நிக்கல. 'ஏன் வரமாட்டார்கள் என்று கேட்டால் இதையும் சொல். ஊரார் கேட்க, அவளுக்கு ஒன்றும் வராது என்று சொன்ன வாய் எது என்று கேள். ஐந்து மாதமாக அவள் உண்டாளா, உறங்கினாளா என்று கேட்க அந்த வாய்க்கு வழி தெரியவில்லையா? வாசல் வரை வந்த கால் உள்ளே வராமல் திரும்பியது ஏன் என்று கேள். அவள் நாட்டையா கேட்டாள்? நகையையா கேட்டாள்? தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அதைச் சொல்ல முடியாதவர் எதற்கு அரசர்?'

பதிமூணு நாளா அந்தத் தமிழ் காதுல வுழுந்துக்கினு இருந்துதா, அப்பிடியே வருதும்மா, தங்கு தடையில்லாம! யாரும் கட்டு சொல்லல. நான் அந்தக் காலையே பாத்துக்கினு மூச்சு வாங்கிக்கினு நிக்கிறேன். அப்பால கட்டுன்னாரு பாருங்க, நூறு பேரும் கை தட்டுறாங்க! டைரக்டரு எழுந்து வந்து, 'இதெல்லாம் பேப்பர்ல இல்லியேம்மா, அஞ்சு மாசம் எங்கேருந்து வந்துது'ன்னாரு. 'ராணி மனசுல பூந்து பேசிட்டேன் சார்'னேன். பக்கத்துல இருந்த வசனகர்த்தாவாண்ட, 'இருக்கட்டும், அஞ்சு மாசம்னே வச்சிக்கலாம்'னாரு. அதுக்கப்பறம் ராஜா டயலாக்குலயும் அஞ்சு மாசம்னு மாத்துனாங்க. சரித்திரத்தையே மாத்திட்டேன்மா நான்!

நிமிர்ந்து பாத்தா இவரக் காணோம். மேக்கப் ரூம்ல இருக்காராம். தாடி பச வுட்டுப்போயி கன்னத்துல தொங்குதுன்னு மேக்கப்மேன் சத்தம் போட்டுக்கினு இருந்தாரு. வேர்வ. அந்த செட்டுல ஏசி கெடையாது, எல்லாருக்கும் வேர்வதான்.

ஞாயித்துக்கெழம எங்க மாமா ஒக்கார வச்சாரு. அஞ்சு மாசத்துல அன்னிக்கித்தான் அந்தாளு அந்தப் படியேறி உள்ள வந்தாரு. மாமா, 'நீ இன்னாப்பா சொல்ற'ன்னாரு. இவரு தரையப் பாத்துக்கினு, 'தெரியாம சொல்லிட்டேன்'னாரு. அவ்ளோதான், அதுக்கு மேல பேச வரல அவருக்கு. நான் பொடவய எடுத்துப் பையில வச்சேன். மனசு எறங்கிட்டேன்னு நெனக்காதீங்க. ஷூட்டிங் வேன் அஞ்சு மணிக்கெல்லாம் எங்க வூட்டுத் தெருவுக்கு வந்துடும். அக்கா வூட்டுல இருந்துன்னா ரெண்டு பஸ்ஸு மாறணும். லேட்டாச்சின்னா கன்டினியூட்டி இன்னா ஆவறது?

அதெல்லாம் போவட்டும். இன்னிக்கி எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். நேத்து இவரு மட்டும் தனியா வந்து படத்தப் பாத்துட்டாரும்மா. எங்கிட்ட சொல்லாம! வந்து, 'எப்புடி இருக்குது என் சீனு'ன்னா, 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டு சட்டயக் கழட்டறாரு. 'நீ வர வேணாம் குணா, கூட்டமா இருக்குது, கொஞ்ச நாளு போனா போன்லயே வரும்'ங்கறாரு. தெருவக் கூப்புடாதன்னு வேற. பாருங்க, இன்னும் அந்தாளுக்கு எம் மேல நம்பிக்க வரல. அதுக்காவத்தான் ரெண்டு வரிசயா இட்டாந்தேன். பதினாலு டேக்கு என் மூஞ்சிய எடுத்திருக்காங்க, ஒண்ணாச்சும் நல்லா வந்திருக்காதா? வந்திருக்கும். குரலும் என்னுதுதான், அன்னிக்கிப் பேசுனதையே வச்சிக்கினாங்களாம். இன்னிக்கி என் மூஞ்சியும் அதுல வந்துட்டா, எனக்குப் பேச வராதுன்னு ஒரு பய சொல்ல முடியாது.

லைட்டு அணச்சிட்டாங்க. இந்த மனுசன் இன்னும் வரல பாருங்க. டீ வாங்கப் போனாரா, தேயில பறிக்கப் போனாரா? அக்கா! முறுக்கக் கீழ வையி. வரப்போவுது!

தோ. அந்தப்புரம். தோ அந்தத் தெரச்சீல. அதத் தள்ளிக்கினு வருவேன் பாருங்க. வந்துட்டேன்! என் முதுவு. பரவால்ல, கொண்ட எடுப்பாத்தான் இருக்குது. இப்பத் திரும்பும் கேமரா.

கேக்குதா? 'அரசியார் இன்று அவைக்கு.' என் குரலும்மா! தியேட்டரு முழுக்க என் குரலு! தடுக்கவே இல்ல பாத்தீங்களா? இப்ப என் மூஞ்சி வரும்.

வரும் இருங்க.

ஏன் கேமரா அங்கியே நிக்குது? நான் இவ்ளோ பேசிக்கினு இருக்கேன், இன்னும் முதுவுதானா? பதினாலு டேக்குல ஒண்ணு கூடவா. யாரு மூஞ்சியத்தான் காட்டுறாங்க இவ்ளோ நேரமா?

நம்ம ஆளு.

அது இன்னாம்மா கண்ணுல? வேர்வ கண்ணுலயா வரும்? தாடி வழியா எறங்குது பாருங்க. 'உண்டாளா, உறங்கினாளா'ங்கறேன், ஒதடு நடுங்குது பாருங்க அவருக்கு. வாயத் தொறக்கறாரு, மூடறாரு. டயலாக்கு குடுக்கல இல்ல அவருக்கு, சொல்லணும்னு இருக்குது, சொல்ல முடியாம நிக்கிறாரு. நான் எங்கம்மா இருந்தேன் அப்ப? ஆறடில இருந்தேன். காலப் பாத்துக்கினு கத்திக்கினு இருந்தேன். பாவி, இந்த மூஞ்சியப் பாக்கவே இல்லியே நானு.

முடிஞ்சிது. தட்டுறாங்க. கேளுங்க, யாரோ விசிலு கூட அடிக்கிறாங்க.

நீங்க ஏம்மா கண்ணத் தொடச்சிக்கிறீங்க? நான் அழுவல. அக்கா, கத்தாதடி, காதுல வுழுது. ஆமா, என் மூஞ்சி வரல. வராட்டி இன்னா? என் மூஞ்சிய நான் தெனமும் கண்ணாடில பாக்கறேன். இந்த மூஞ்சிய நான் எங்கடி பாத்தேன்?

எங்க அவரு? தோ, தோ நிக்கிறாரு பாருங்க, கதவாண்ட, இருட்டுல. ரெண்டு கைலயும் டீய வச்சிக்கினு. டீ எப்பவோ வாங்கிட்டாரு. என் மூஞ்சி வரலன்னு நான் இன்னா ஆவப்போறனோன்னு பயந்துக்கினு, உள்ள வராம நிக்கிறாரு மனுசன். கொஞ்சம் காலத் தள்ளி வச்சிக்கோங்கம்மா, வழி வுடுங்க.

ஏங்க! இங்க, இங்க! காவல் காத்தது போதும். உள்ள வாங்க.